நடுங்காத சாட்சி

எங்கள் சலவைக்கூடத்தில் அவருக்கு ஆமென் மேஸ்திரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. முதலாளி வந்து "மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரி விரிப்பு அத்தனையும் போயாகணும்" என்றால் "ஆமென்" என்பார். "மேஸ்திரி, டீ வந்துடுச்சு" என்றாலும் ஆமென்தான். மெஷின் நின்றுபோனால் மட்டும் வாயைத் திறக்காமல் கம்பி முறுக்கும் குறட்டைத் தூக்கிக்கொண்டு போவார்.

எனக்கு அந்த ஆள்மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். நியாயமாகச் சொன்னால் எனக்கு எல்லார்மேலும் சந்தேகம்தான். கடைக்காரன் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் பையிலிருக்கும் தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். "அக்காவுக்கு மூக்குல வேர்த்துடுச்சு, எவனோ மாட்டினான்" என்று என் தம்பி கேலி செய்வான். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போதுகூட நான் ஒரு கண்ணை இத்தனூண்டு திறந்துவைத்திருப்பேன். யார் மெய்யாக மூடியிருக்கிறார்கள், யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மேஸ்திரியும் அதே சர்ச்தான், அவர் மெய்யாகத்தான் மூடியிருப்பார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு அவர் ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் எங்களில் பாதிப் பேர் கை கழுவிவிட்டு வந்திருப்போம். அதற்கப்புறம் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். அவர் மனைவிக்கு ஒரு பக்கம் விழுந்து வருஷக்கணக்கில் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் மற்ற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள், மத்தியானம் மட்டும் இவர் முறை. கால் மணி நேரத்தில் திரும்பி வருவார், சட்டையில் பவுடர் வாசனை அடிக்கும். சர்ச்சின் திருவிருந்து மேசை விரிப்பை மெஷினில் போட விடமாட்டார், தனியாகக் கையால் துவைத்துத் தானே இஸ்திரி போட்டு எடுத்துப் போவார். சர்ச்சில் யார் செத்தாலும் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுப்பது இவர்தான்.

"இவ்வளவு நல்லவன் எதுக்கு இவ்வளவு நல்லவனா இருக்கான்?" என்று ஒருநாள் தம்பியிடம் கேட்டேன்.

"ஐயோ அக்கா, நல்லவனா இருக்கறதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றான்.

தம்பி அதே கூடத்தில் பாய்லர் ஓட்டினான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போனபின் நான்தான் அவனுக்கு எல்லாம். நான் விரிப்பு மடிக்கும் மேசையில் இருந்தேன். ஆஸ்பத்திரி விரிப்பைத் தனியாளாக மடிக்க முடியாது, ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டும். நான் இந்த முனை. அந்த முனையைப் பிடித்தவளை மறுமுனைக்காரி என்று கூப்பிடுவேன். ஆறு வருஷம் அவள் முகத்தைப் பார்த்தே வேலை செய்தேன். விரிப்பை நடுவில் மடித்துக்கொண்டு என் பக்கம் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வம்பைக் காதில் போட்டுவிட்டுப் போவாள். வந்து போகும் அந்த இரண்டு எட்டுக்குள் ஊர்க்கதை முழுக்க முடிந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்கு முன்னால், அவள் பக்கத்துச் சுவர் ஓரம் போன நீராவிக் குழாய் வெடித்தது. எனக்குச் சத்தம் நினைவில்லை. கையிலிருந்த விரிப்பு வெடுக்கென்று இழுபட்டது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. எதிரே வெள்ளையாக இருந்தது, அவள் இல்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். நாங்கள் மடித்துக் கொடுத்த விரிப்பில்தான் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

பாய்லரில் சேஃப்டி வால்வு என்று ஒன்று உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் அது தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். அன்றைக்கு அந்த வால்வு திறக்கவில்லை. யாரோ அதன் நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாய்லர் ஓட்டினது யார்? என் தம்பி. போலீசுக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"நான் கட்டலக்கா. நான் போறப்பவே கட்டியிருந்துதோ என்னமோ, மேல ஏறிப் பாக்கல. பாக்காதது என் தப்புதான். ஆனா கட்டினது நான் இல்ல" என்றான்.

வழக்கு நடந்தது. சாட்சிக் கூண்டில் ஆமென் மேஸ்திரி ஏறினார். ஆள்காட்டி விரலின் நுனி இல்லாத வலது கை, எப்போதோ மெஷினில் போனது. அந்தக் கையைப் புத்தகத்தின்மேல் வைத்துச் சத்தியம் செய்தார். "காலையில இந்தத் தம்பி வால்வுல கம்பி கட்டுறதைப் பாத்தேன். ஏன்டா இப்படிப் பண்றேன்னு திட்டினேன். இப்பவே அவுத்துடறேன்னு சொன்னான். நம்பி வந்துட்டேன்" என்றார். குரல் பிசிறவில்லை. கை நடுங்கவில்லை. எங்கள் தரப்பு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டும் அதே வார்த்தைகள், அதே வரிசை. ஐந்து வருஷம் தீர்ப்பானது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நடுங்காத கையைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். எவனையும் நம்பாத நான்! முதல் மாதம் ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். "என்கிட்ட மட்டும் சொல்லுடா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீதான் கட்டினியா?"

அவன் என்னையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போய்விட்டான். அடுத்த மாதம் போனேன், வரவில்லை. அதற்கடுத்த மாதம் காவலர் வந்து, "உங்க தம்பி யாரையும் பாக்க விரும்பலையாம்மா" என்றார். யாரையும் என்றால் என்னை. அவனைப் பார்க்க வர வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு வருஷம் மாதம் தவறாமல் போய், சோப்பும் பழமும் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தேன்.

இத்தனைக்கும் ஞாயிறு தவறாமல் மேஸ்திரி இருக்கும் அதே சர்ச்சுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு சர்ச்சுக்குப் போகலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஏன் போக வேண்டும்? மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சபைக்குச் சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். பரீட்சையில் பாஸானவர்கள், காய்ச்சல் விட்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மேஸ்திரி மாதம் தவறாமல் எழுந்திருப்பார். "போன வாரம் என் வீட்டுக்காரி இடது கைல ஒரு விரலை அசைச்சா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி அழுவார். சபை "ஆமென்" என்னும். நான் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். கோர்ட்டில் சொன்னதும் சாட்சி, இங்கே சொல்வதும் சாட்சியா? மொழியில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் வருஷம் மேல்முறையீட்டுக்குத் தேதி வந்தது. புதிதாகப் பிடித்த வக்கீலம்மா கோப்பிலிருந்த ஒரு போட்டோவைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். வால்வில் கட்டியிருந்த கம்பியின் போட்டோ. "வீட்டுல வெச்சுப் பாருங்கம்மா. கூடத்துல வேலை செஞ்சவங்க நீங்க, ஏதாவது வித்தியாசமாத் தோணுச்சுன்னா சொல்லுங்க" என்றார். நாலு நாள் பார்த்தேன். கம்பி, முறுக்கு, அவ்வளவுதான் தெரிந்தது.

புதன்கிழமை சர்ச்சைக் கூட்டிப் பெருக்குவது என் முறை. பாட்டு எண் எழுதித் தொங்கவிடும் பலகையைத் துடைக்கப் பின்னால் கை விட்டேன். ஆணியில் பலகையைக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். கம்பி கட்டிய இடத்தில் கை போனால் சுருக்கென்று குத்துவதுதான் வழக்கம், அதனால் விரலைப் பதமாக நீட்டினேன். குத்தவில்லை. தடவித் தடவிப் பார்த்தேன். முனையே இல்லை.

பலகையைத் திருப்பினேன். கம்பியின் முனையை இரண்டாக மடித்து, முறுக்குக்குள்ளேயே திருப்பிச் செருகியிருந்தது. முறுக்கும் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. பைக்குள்ளிருந்த போட்டோவை எடுத்தேன். அதே இடமுறுக்கு. அதே மடித்த முனை.

பலகையைக் கட்டியது யார் என்று எனக்குத் தெரியும், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான். கூடத்தில் எங்கள் மேசைக்கு அடியிலும் மேஸ்திரி அப்படித்தான் கட்டுவார். வலது கையில் விரல் நுனி இல்லாததால் குறட்டை இடக்கையில் பிடித்து முறுக்குவார், அப்புறம் முனையை மடிப்பார். ஒருநாள் மறுமுனைக்காரி, "எதுக்கு மேஸ்திரி இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டாள். "பொம்பளைங்க கை போற இடம்மா, குத்திடும்" என்றார். அந்த வால்வு இருந்த இடத்துக்கு எந்தப் பெண் கையும் போகாது. இருந்தாலும் மடித்திருக்கிறார். யாருக்கும் குத்தக் கூடாது என்று அவ்வளவு கவனமாக மடித்த கம்பிதான் அவளைக் கொன்றது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வக்கீலம்மா போட்டோவையும் பலகையையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா முடிச்சைப் பாத்துத் தீர்ப்பை மாத்தமாட்டாங்க. அவர் வாயால வரணும்."

நேராக பாஸ்டரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஒரு கேள்விக்கு மட்டும் சுத்தி வளைக்காம பதில் சொல்லுங்க. நெஜமான விசுவாசம் இருக்கறவன் இப்படிச் செய்வானா?" என்று கேட்டேன்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசுவாசியும் சில நேரம் சறுக்குவாம்மா."

"சறுக்கறதுன்னா ஈரத் தரையில கால் வெக்கறது, பாஸ்டர். இவரு ஏணி எடுத்துருக்காரு, குறடு எடுத்துருக்காரு, கம்பி அளந்து வெட்டியிருக்காரு, கட்டி முடிச்சு முனையையும் மடிச்சுருக்காரு. அப்புறம் கோர்ட்டுக்குச் சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்து இன்னொருத்தன் தலையில கட்டியிருக்காரு. இதுக்குப் பேரு சறுக்கறதா? யாருக்குக் காது குத்துறீங்க?"

"அப்படின்னா அவரு விசுவாசமே வேஷமா இருக்கலாம். மாய்மாலக்காரங்க எல்லாச் சபையிலயும் இருப்பாங்க" என்றார்.

இதைக் கேட்கத்தான் நான் போனேன். கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வழி நெடுக மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வேஷம் என்றால் அந்தப் பவுடர் வாசனை? அந்தப் பெட்டிக்குக் கொடுத்த தோள்? சந்தேகப்பட்டு என்ன பிரயோஜனம், நிரூபித்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் மனைவியைத் திருப்பிப் போட்ட கையோடு அவர் திருவிருந்து விரிப்பு மாற்ற சர்ச்சுக்கு வருவார். அன்றைக்கு முன்கூட்டியே போய், அங்கி மாட்டிவைக்கும் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு கதவில் காதை வைத்தேன்.

வந்தார். விரிப்பை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. கதவிடுக்கில் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார். சபை முன்னால் பண்ணுகிற ஜெபத்தில் அவருக்கு வார்த்தை அருவியாகக் கொட்டும். இங்கே வாயே திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு பெயரைச் சொன்னார். மறுமுனைக்காரியின் பெயர். பட்டப்பெயர் இல்லை, பெற்றவர்கள் வைத்த முழுப்பெயர். அதைச் சொல்லித் தரையில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடந்தார். கொஞ்சம் கழித்து என் தம்பியின் பெயரையும் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் இல்லாத இடத்தில் யாருக்காக நடிக்க வேண்டும்? வேஷக்காரனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். இந்த ஆள் மெய்யாகவே நம்புகிறார். மெய்யாகவே நம்பிக்கொண்டே இதையும் செய்திருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டோவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது யாரு முடிச்சு, மேஸ்திரி?"

அவர் திடுக்கிடக்கூட இல்லை. போட்டோவை வாங்கிப் பார்த்தார். "என்னோடதுதான்" என்றார். "ஒரு ஷிஃப்ட்டுக்குத்தான்மா. வால்வு சும்மா சும்மா திறந்து நீராவி பூரா போயிக்கிட்டு இருந்துச்சு. விரிப்பு போயாகணும்னு முதலாளி நெருக்குனாரு. உன் தம்பி வர்றதுக்கு முன்னாடி கட்டினேன். சாயங்காலம் அவுத்துடலாம்னு நெனச்சேன்."

"கட்டினது சரி. கோர்ட்டுல?"

"பயம்."

"பயமா? கல்லு மாதிரி நின்னீங்களே!"

விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். "கர்த்தர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. தினமும் சொல்றேன். அவரு மன்னிச்சுட்டாருன்னு நம்புறேன்" என்றார்.

"அவரு மன்னிப்பாரு, அவருக்கென்ன? ஜெயில்ல அவரா இருக்காரு? என் தம்பி இருக்கான். அடுத்த மாசம் கோர்ட்டுல கர்த்தர் வந்து கூண்டுல ஏறி, 'கம்பி கட்டினது இவருதான்யா'ன்னு சாட்சி சொல்வாரா? நீங்கதான் ஏறணும்."

"நான் உள்ள போனா அவளை யாரு திருப்பிப் போடுவா?" என்று கேட்டார். இதைக் கேட்கும்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை... பக்கத்து வீட்டம்மா ஒருத்தியால எத்தனை நாளைக்கு முடியும்? அதை நெனச்சுத்தான் அன்னைக்கு... கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணிட்டுத்தான் போனேன், தெரியுமா?"

"பொய் சொல்லப் போறதுக்கு முன்னாடி ஜெபமா? என்னன்னு பண்ணீங்க?"

அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் மாதத்தின் முதல் ஞாயிறு. சாட்சி நேரம் வந்தது. மேஸ்திரி எழுந்தார். விரல் அசைந்த கதை வரப்போகிறது என்று எல்லாரும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டேன்.

"நான் ஒரு பொய் சொன்னேன். என்னால ஒரு சகோதரி செத்துப்போனாங்க. என்னால ஒரு தம்பி ஜெயில்ல இருக்கான். வால்வைக் கட்டினது நான்" என்றார்.

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். யாரோ "அல்லேலூயா" என்றார்கள். ஆரம்பித்தது பாருங்கள்! ஆளாளுக்கு எழுந்து கட்டிக்கொண்டார்கள். பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஒருத்தர் பாட்டை எடுத்துக்கொடுத்தார். எங்கள் சபை இருக்கிறதே, தங்கமான சபை. அழுதுகொண்டு வருபவரை விடவே விடாது. மேஸ்திரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

உட்காரவே உட்கார்ந்துவிட்டார்!

நான் எழுந்தேன். "நிறுத்துங்க" என்றேன். பாட்டு பாதியில் நின்றது.

"மேஸ்திரி, நல்லா சாட்சி சொன்னீங்க. ஆனா இடம் மாறிப்போச்சு. பொய்யை அங்க சொல்லிட்டு உண்மையை இங்க சொன்னா எப்படி? இங்க இருக்கற ஒருத்தரும் என் தம்பியை உள்ள தள்ளல. இவங்க கட்டிப்பிடிச்சா அந்தக் கதவு திறக்குமா? இதே சாட்சியை இதே வாயால அந்தக் கூண்டுல வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு இது வெறும் பேச்சு."

"சகோதரி, அவரு மனந்திரும்பி வந்த நேரத்துல..." என்று பாஸ்டர் இழுத்தார்.

"திரும்புனவரு இன்னும் ரெண்டு எட்டு நடந்து கோர்ட்டுக்கும் வரட்டும், பாஸ்டர்."

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே, "அவளை யாரு பாப்பா?" என்றார், சன்னமாக. யாரும் கை தூக்கவில்லை. கட்டிப்பிடித்த கைகள் எல்லாம் மடியில் கிடந்தன. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "செவ்வாயும் சனியும் நான் பாக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு பாஸ்டரின் மனைவி திங்களுக்கு எழுந்தாள். மேஸ்திரியின் பக்கத்து வீட்டுக்காரி, "எப்பவும் பாக்கறதுதானே, ராத்திரியெல்லாம் என் கணக்கு" என்றாள். ஒருவழியாக ஏழு நாளும் நிரம்பியது. அவரை நம்பி அல்ல, இனி அவர் சாக்குச் சொல்ல இடமிருக்கக் கூடாது என்றுதான் நான் செய்தேன்.

வக்கீலம்மா மனுப் போட்டார். நீதிமன்றம் அவரை மறுபடி அழைத்தது. அந்த மூன்று வாரமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். ஊரைவிட்டுப் போய்விடுவாரோ? முதலாளி வந்து மனசைக் கலைப்பாரோ? கடைசி நிமிஷத்தில் நெஞ்சுவலி என்பாரோ? செவ்வாயும் சனியும் அவர் மனைவியைத் திருப்பிப் போடும்போது, அலமாரிமேல் பெட்டி எதுவும் கட்டிவைத்திருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும் போலிருந்தது. பேச்சு வராது, அசைகிற அந்த ஒரு விரலால் என் கையைத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

வழக்கு அன்று நானே போய் அவரைக் கையோடு கூட்டிவந்தேன். நீதிமன்ற வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு இருந்தது. அவர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கறேன்மா."

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "பண்ணுங்க. சத்தமாப் பண்ணுங்க, நானும் கேக்கணும். போன தடவை என்னன்னு பண்ணீங்கன்னு இன்னும் சொல்லவே இல்லையே."

பெஞ்சில் உட்கார்ந்தார். "இதே பெஞ்சுதான்" என்றார். "அன்னைக்குக் கை உதறிக்கிட்டு இருந்துச்சு. இப்படியே போனா காட்டிக் கொடுத்துடும்னு தெரிஞ்சுது. கர்த்தாவே, நடுங்காம சொல்ல பெலன் குடுங்கன்னு கேட்டேன். அவளுக்காகக் கேக்கறேன்னு சொன்னேன். என் வாழ்க்கையில அவ்வளவு உருக்கமா நான் எதையும் கேட்டதில்ல."

"அப்புறம்?"

"நடுங்கல" என்றார். "அதுதாம்மா மூணு வருஷமா என்னை அரிக்குது. அந்த பெலனை யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியல."

அவர் கண்ணை மூடி, நான் கேட்டபடியே சத்தமாக ஜெபித்தார். "இந்தத் தடவை பெலன் வேணாம். உண்மையைச் சொன்னாப் போதும்." அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்தார், ஆமென் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.

கூண்டில் ஏறினார். அந்தப் பக்கம் குற்றவாளிக் கூண்டில் காவலர் நடுவில் என் தம்பி நின்றான். இரண்டு வருஷத்துக்கும் மேலாக நான் பார்க்காத முகம், காதோரம் நரைத்திருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

மேஸ்திரி புத்தகத்தின்மேல் கையை வைத்தார். கை நிற்கவில்லை. நுனியில்லாத விரல் அட்டையில் தடதடவென்று அடித்தது பின்பெஞ்சு வரை கேட்டது. கைப்பிடியைப் பிடித்தார், அதுவும் சேர்ந்து ஆடியது. "தண்ணி வேணுமா?" என்று நீதிபதி கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த நடுக்கத்தைப் பார்த்தபோதுதான், சொல்லிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

"கட்டினது நான்தான்யா" என்றார். வார்த்தை வார்த்தையாகத் திக்கித் திக்கி வந்தது. எப்போது கட்டினார், எதற்குக் கட்டினார், முனையை ஏன் மடித்தார், எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனைக்காரியின் முழுப்பெயரைச் சொன்னார். முன்னால் சொன்னது பொய் என்று சொன்னார்.

"ஆமென்" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன், கோர்ட்டே திரும்பிப் பார்க்கும்படி வந்துவிட்டது.

"யாரது? வெளியே போங்க" என்றார் நீதிபதி.

எழுந்தேன். கதவுக்குப் போகும் வழி தம்பி நின்ற இடத்தை ஒட்டித்தான் போனது. இப்போது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரியைத் தோலுரித்துவிட்டேன், முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டேன், அவரைக் கையைப் பிடித்துக் கூண்டுவரை கொண்டுவந்துவிட்டேன் என்று இவனிடம் பெருமையாகச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்! அவன் எதையும் கேட்கவில்லை. காவலர் காதில் விழாத குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இப்பவாவது நம்புறியாக்கா?"

அவர் வந்து சொல்லித்தான் நான் என் தம்பியை நம்ப வேண்டியிருந்தது. நம்புகிறேன்டா என்று சொல்ல வாயெடுத்தேன். கூண்டின் கம்பியில் இருந்த அவன் கையைப் பிடித்தேன். பிடித்த என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.